கல்லுப்பு, வெடியுப்பு, ஐஸ்கிரீம்

பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் செய்யச் சொல்லிக்கொடுத்தால் பின்னமும் வெப்பமும் தானாகப் புரிந்துவிடும் என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். பெரும்பாலும் நகரத்துப் பள்ளிக்காரர்கள், விடுமுறைப் பயிலரங்கு நடத்துகிறவர்கள். தப்பே இல்லை. செய்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் மம்சாபுரத்தில் நின்றுகொண்டு யோசித்தால் விஷயம் அத்தனை லேசாகத் தெரியவில்லை. "பிள்ளைக கையால செஞ்சு படிக்கட்டும்" என்ற பேச்சுக்கு எங்கள் மாவட்டத்தில் ஒரு பழைய கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் ஐஸ்கிரீமை மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது.

பால் சொசைட்டி

மம்சாபுரம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் பேரூர். வயலும் தென்னையும் மாடும் உள்ள பூமி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இந்தச் சுற்றுவட்டாரத் தொழுவங்கள் இருக்கின்றன.

இங்கே மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் முதன்முதலில் பார்க்கும் அறிவியல் கருவி லாக்டோமீட்டர்தான். விடிந்தும் விடியாமலும் தூக்குவாளியில் பாலைக் கொண்டுபோய் சொசைட்டியில் வரிசை போடுவார்கள். ஊற்றுகிறவர் கண்ணாடிக் குழலைப் பாலில் மிதக்க விட்டு, குனிந்து பார்த்துவிட்டு, நோட்டில் எழுதுவார்.

"எத்தன டிகிரி மாமா?"

"இருவத்தெட்டு. போ, போ."

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் "இருவத்தெட்டு" என்று ஒப்பிக்க வேண்டும். இருபத்துநாலு என்றால் வீட்டில் விசாரணை நடக்கும். மாடு தண்ணி குடிச்சதா, வாளி தண்ணி குடிச்சதா என்று.

28 என்றால் அந்தப் பாலின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.028 மடங்கு. ஒரு லிட்டர் தண்ணீர் 1,000 கிராம் என்றால் அதே அளவு பால் 1,028 கிராம். தண்ணீர் கலந்தால் எண் இறங்கும். வெண்ணெயைக் கடைந்து எடுத்துவிட்டால் எண் ஏறும், ஏனென்றால் கொழுப்பு தண்ணீரைவிட லேசு. அதனால்தான் கொழுப்பைத் தனியாகச் சோதித்து இரண்டையும் சேர்த்து விலை போடுகிறார்கள். ஏழாம் வகுப்புக்குரிய அடர்த்திப் பாடம் முழுக்க அந்த வரிசையில் இருக்கிறது. ஆனால் வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு எண் மட்டும்தான் போய்ச்சேருகிறது. காரணத்தை யாரும் சொல்வதில்லை. அதே பிள்ளை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம் போய் "அடர்த்தி = நிறை / பருமன்" என்று மனப்பாடம் செய்யும். காலையில் பார்த்ததும் இதுவும் ஒன்றுதான் என்று அதற்குத் தெரியாது.

முன்பும் இப்படித்தான் இருந்ததா? திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லி மனனம் செய்தார்கள். அதில் வந்தவை சந்தையிலும் களத்திலும் புழங்கிய அளவுகள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. பின்னங்களுக்கு அரைக்கால், வீசம், காணி என்று பெயர்கள் இருந்தன. 1/320க்கு முந்திரி என்று பெயர். காரி நாயனாரின் கணக்கதிகாரம் மாதிரியான நூல்கள் நிலம், பொன், நெல் என்று இந்தக் கணக்கை விரித்துச் சொன்னன. ஆக, பொருளோடு ஒட்டிய கணிதம் நமக்குப் புதுசு இல்லை. அந்தத் திண்ணையில் யார் ஏறலாம், யார் ஏறக் கூடாது என்பது வேறு கதை. அந்த வேறு கதைதான் இந்தக் கட்டுரையின் கதையும்.

வெடியுப்பு

குளிரை நாமே உண்டாக்க முடியும் என்பதை மனிதர்கள் உப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். முதலில் கைக்கு வந்தது வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். தண்ணீரில் கரையும்போது அது சுற்றிலும் உள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில், அக்பரின் அரண்மனையில் வெடியுப்பைக் கொண்டு குடிநீரைக் குளிர்வித்ததைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. வெடிமருந்தில் வெப்பம் தருகிற பொருளே இங்கே குளிர்ச்சி தருகிறதே என்ற வியப்பும் அதில் உண்டு.

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த இடம் கொஞ்சம் உறுத்தும். வெடியுப்பு என்றால் எங்களுக்குச் சிவகாசி. பட்டாசுக்குப் போகும் அந்த வெள்ளைப் பொடியைத் தெரியாத ஊர் இங்கே கிடையாது. அதைத் தண்ணீரில் போட்டால் குவளை சில்லிடும் என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் ஜாம்பட்டிஸ்டா டெல்லா போர்ட்டா பனிக்கட்டியோடு வெடியுப்பைக் கலந்து மதுவை உறையவைப்பதைப் பற்றி எழுதினார். அப்புறம் சாதாரண உப்பே போதும் என்று தெரிந்தது. 1724இல் ஃபாரன்ஹீட் தன்னுடைய வெப்பமானியின் பூஜ்ஜியத்தைப் பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் மூன்றும் சேர்ந்த கலவையை வைத்துக் குறித்தார். நவச்சாரம் என்பது நம்மூரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூட்டில் தூவித் தேய்ப்பாரே, அதேதான். 1843இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் கைப்பிடி சுற்றும் ஐஸ்கிரீம் வாளிக்குக் காப்புரிமை வாங்கினார். வெளியே மரவாளியில் ஐஸும் உப்பும், உள்ளே தகரக் குவளையில் பால், சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. அரண்மனைப் பண்டம் அடுப்படிக்கு வந்தது.

நமக்கு ஐஸ் கப்பலில் வந்தது. 1833இல் பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டியூடர் அனுப்பிய 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஏரிப் பனிக்கட்டியோடு கிளம்பி, நான்கு மாதம் கழித்து ஏறத்தாழ 100 டன்னோடு கல்கத்தா வந்து சேர்ந்தது. வெயிலில் கடல் கடந்து பாதிக்கும் மேல் மிஞ்சியதற்குக் காரணம் அது வைக்கப்பட்ட விதமும் மரத்தூள் போன்ற காப்புப் பொருள்களும்தான். 1840களில் சென்னைக் கடற்கரையில் இதற்காகவே கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். வெள்ளைக்காரர்களின் குவளைக்கும் மருத்துவத் தேவைக்கும் வந்த ஐஸ் அது. இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்த பிறகு கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு வந்த ஐஸ் பேக்டரிகளில்தான் நம்முடைய குச்சி ஐஸ் பிறந்தது. அங்கேயும் உப்புதான். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் உறையாத உப்புத்தண்ணீர்த் தொட்டி, அதற்குள் அமுங்கி நிற்கும் அச்சுகள், அச்சுக்குள் பாலும் சேமியாவும். சைக்கிள் பெட்டியில் வந்த அந்தக் குச்சியைச் சப்பிய எத்தனையோ லட்சம் பிள்ளைகளில் ஒருவருக்கும் அந்தத் தொட்டியைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

வாளிக் கணக்கு

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கோடை விடுமுறையில் மம்சாபுரத்தில் என் பெரியம்மா வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு இதைச் செய்துபார்த்தோம். ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கிறவர்கள். அரை லிட்டர் பால், சீனி, ஏலக்காய். ஒரு எவர்சில்வர் தூக்குவாளி, மூடியோடு. பெரிய பிளாஸ்டிக் வாளியில் சாக்கில் போட்டு உடைத்த ஐஸ் 3 கிலோ, கல்லுப்பு 1 கிலோ. ஆய்வகத்து வெப்பமானி ஒன்று இரவல்.

ஐஸில் வெப்பமானி 0 காட்டியது. உப்பைப் போட்டுக் கிளறியதும் இறங்க ஆரம்பித்தது. -4, -7, -10. பத்து வயசுப் பையன் ஒருத்தன் எட்டிப்பார்த்துவிட்டுக் கேட்டான்:

"உப்பு போட்டா ஐஸ் உருகுதுல்ல? உருகுனா சூடாயிருச்சுன்னுதானே அர்த்தம்? பெறகு எப்பிடி இன்னும் குளிருது?"

இதைவிடச் சரியாக இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. ஐஸும் தண்ணீரும் சேர்ந்து கிடக்கும்போது கொஞ்சம் ஐஸ் உருகிக்கொண்டே இருக்கும், கொஞ்சம் தண்ணீர் திரும்ப உறைந்துகொண்டே இருக்கும். உப்பு கரைந்த தண்ணீர் திரும்ப உறையச் சிரமப்படும். ஆகவே உருகுவது மட்டும் நடக்கும். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை யாராவது கொடுத்தாக வேண்டுமே. பக்கத்தில் இருக்கும் பால் கொடுக்கிறது, உப்புத்தண்ணீரே கொடுக்கிறது, நம் விரலும் கொடுக்கிறது. கொடுத்தவர்கள் குளிர்ந்துபோகிறார்கள். உப்பும் ஐஸும் சரியான விகிதத்தில் சேர்ந்தால் -21 டிகிரி வரைக்கும் இறங்க முடியும். நாங்கள் -12 வரை பார்த்தோம்.

இருபத்தைந்து நிமிஷம் ஆளுக்கு ஐம்பது சுற்றாகத் தூக்குவாளியைத் திருப்பினார்கள். நடுநடுவே மூடியைத் திறந்து ஓரத்தைச் சுரண்டிவிட்டார்கள். கெட்டியானது. முற்றத்தில் வரிசை நின்றது. தின்று முடித்த பிறகுதான் நிஜமான கணக்குக்கு வந்தோம்.

பால் முழுசும் தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம். 500 கிராமை 30 டிகிரியிலிருந்து 0க்கு இறக்க 500 × 30 = 15,000 கலோரியை வெளியே எடுக்க வேண்டும். அதை உறையவைக்க 500 × 80 = 40,000. மொத்தம் 55,000. ஒரு கிராம் ஐஸ் 80 கலோரியை வாங்கிக்கொள்ளும். 55,000 / 80 = ஏறத்தாழ 690 கிராம் ஐஸ். அப்படியென்றால் முக்கால் கிலோவுக்கும் குறைவான ஐஸ் போதும். ஆனால் எங்கள் வாளியில் பாதிக்கும் மேல், அதாவது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் உருகிக் கிடந்தது.

மீதி எங்கே போச்சு?

"காத்துல." "வாளியில." "நம்ம கையில." வாளியின் வெளிப்புறம் முத்துமுத்தாக வியர்த்திருந்ததை ஒரு சிறுமி காட்டினாள். "இந்தத் தண்ணி எங்கருந்து வந்துச்சு? வாளி ஓட்டையா?" இல்லை, காற்றிலிருந்த நீராவி. அது தண்ணீராகும்போதும் ஐஸுக்கு வெப்பத்தைக் கொடுக்கிறது. அடுத்த தடவை வாளியைச் சாக்கால் சுற்றி உமியில் இறக்கி வைத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று அவர்களே திட்டம் போட்டார்கள். டியூடரின் கப்பலுக்கு அவர்கள் அந்த வழியாகத்தான் போனார்கள்.

இதையெல்லாம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா கேட்டார்: "இம்புட்டுக் கணக்கும் ஐஸுக்குள்ளயா கெடக்கு?"

அவர் சின்ன வயசில் தீப்பெட்டி ஒட்டியவர். 144 பெட்டி ஒரு குரோஸ். பள்ளிக்கூடம் ஆறாவதோடு நின்றுபோனது. எத்தனை குரோஸுக்கு எவ்வளவு கூலி என்று இன்றைக்கும் மனசிலேயே பெருக்குவார்.

"எங்கள எண்ணத்தான் சொல்லுவாக. ஏன் எதுக்குன்னு கேட்டா வேலையப் பாருன்னுவாக," என்றார். வருத்தமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

எங்கள் மாவட்டத்துக் கைகள்

1937இல் காந்தி வார்தாவில் கல்வி மாநாடு கூட்டினார். ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, அதைச் சுற்றி மொழி, கணிதம், அறிவியல் எல்லாவற்றையும் கற்பிக்கலாம் என்றார். ஆதாரக் கல்வி என்று பெயர். நூற்கும்போதே நூலின் நீளம், எடை, பஞ்சின் விலை என்று கணக்கு வந்துவிடும். இன்றைய ஐஸ்கிரீம் பாடத்துக்கு இதுதான் இந்தியத் தாத்தா. ஆனால் பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றுப் பள்ளிச் செலவைச் சரிக்கட்டலாம் என்றும் அதில் ஒரு யோசனை இருந்தது. பள்ளிக்கூடம் தொழிற்கூடம் ஆகிவிடாதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

சென்னை மாகாணத்தில் அந்தக் கேள்வி 1953இல் வெடித்தது. முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். மீதி நேரம் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பார்த்துக் கற்கலாம். காகிதத்தில் பார்த்தால் கையால் கற்கும் கல்விதான். ஆனால் எந்தக் கை, எந்தத் தொழில்? சவரம் செய்கிறவர் மகன் சவரத்தையும், சலவை செய்கிறவர் மகள் சலவையையும், மாடு மேய்க்கிறவர் பிள்ளை மாட்டையும் கற்க வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் இதற்குக் 'குலக்கல்வி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் நிலைத்தது. எதிர்ப்பு காங்கிரசுக்குள்ளும் பரவியது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

வரைபடத்தில் மம்சாபுரத்தை நடுவில் வைத்துப் பாருங்கள். ராஜாஜிக்கு முன்னால் முதலமைச்சராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர். ராஜாஜிக்குப் பின்னால் வந்த காமராசர் விருதுநகர்க்காரர், சின்ன வயசிலேயே படிப்பை விட்டுத் துணிக்கடையில் வேலைக்கு நின்றவர். பிள்ளையைக் கடையில் உட்காரவைத்தால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

அதே மாவட்டத்தில்தான் அடுத்த முப்பது வருஷத்தில் சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போனார்கள். விடியும் முன் வந்து ஏற்றிக்கொண்டு போகும் வண்டிகளைப் பற்றி எண்பதுகளில் நிறைய எழுதினார்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசியை முன்வைத்து எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பெரியம்மா அந்தத் தலைமுறை. அந்தக் கைகளுக்கு எண்ணத் தெரியும், அளக்கத் தெரியும், எது ஈரம் எது காய்ந்தது என்று தொட்டே சொல்லத் தெரியும். ஏன் என்று கேட்கும் நேரம் மட்டும் அவற்றுக்கு ஒதுக்கப்படவில்லை.

ஆகவே எங்கள் பக்கத்து அம்மா ஒருவர் "கையால வேலை வேண்டாம்யா, புஸ்தகத்தப் படிக்கச் சொல்லுங்க" என்றால் அவருக்குக் கல்வியியல் தெரியவில்லை என்று நினைக்கக் கூடாது. அவர் வரலாறு தெரிந்து பேசுகிறார்.

கேட்ட பையன்

ஐஸ்கிரீம் செய்து அறிவியலுக்குள் வந்த பிள்ளைகளில் உலகம் அறிந்தவர் ஒருவர்தான். 1963இல், இன்று தான்சானியா என்று நாம் சொல்லும் நாட்டில், மகம்பா பள்ளியில் படித்த எரஸ்டோ எம்பெம்பா. அங்கே பையன்கள் பாலைக் காய்ச்சி, சீனி போட்டு, ஆறவைத்து, உறைபெட்டியில் வைத்து ஐஸ்கிரீம் செய்வார்கள். ஒருநாள் பெட்டியில் இடம் தீர்ந்துவிடுமோ என்று எம்பெம்பா பாலைச் சூட்டோடேயே வைத்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அது கெட்டியாகிவிட்டது. காய்ச்சாமலே வைத்த இன்னொரு பையனின் பால் இன்னும் கூழாக இருந்தது.

ஆசிரியரிடம் கேட்டார். நீ குழம்பிப்போயிருக்கிறாய் என்று பதில் வந்தது. ஆனால் ஊரில் ஐஸ்கிரீம் விற்கிறவர்கள், சூடாக வைத்தால் சீக்கிரம் உறையும் என்று தெரிந்துதான் செய்துகொண்டிருந்தார்கள். மேல்பள்ளிக்குப் போன பிறகும் கேட்டார். இது எம்பெம்பாவின் இயற்பியல் என்று ஆசிரியர் கேலி செய்தார், வகுப்பும் சேர்ந்துகொண்டது. டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற பேராசிரியர் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து வந்து பேசியபோது, எல்லோரும் சிரிக்க, அதே கேள்வியை எழுந்து கேட்டார். ஆஸ்போர்னுக்கும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் திரும்பிப்போய்ச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். 1969இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளியானது. பல தலைமுறைகளாகப் பலர் கவனித்திருந்த விஷயத்துக்கு 'எம்பெம்பா விளைவு' என்று பெயர் வந்தது. இன்னும் சண்டை ஓயவில்லை. அளக்கும் விதத்தில்தான் கோளாறு, அப்படி ஒரு விளைவே இல்லை என்று 2016இல் ஒரு ஆய்வு சொன்னது. அதுவும் நல்லதுதான். ஒரு பள்ளிப் பையனின் கேள்விக்கு அரை நூற்றாண்டாகப் பெரியவர்கள் மெனக்கெட்டுப் பதில் தேடுகிறார்களே.

இதில் எனக்குப் பிடித்த ஆள் அந்த ஐஸ்கிரீம் விற்கிறவர்தான். அவருக்கும் அது தெரியும். கேட்க ஒரு வகுப்பறை இல்லை, அவ்வளவுதான்.

யார் வாளியைப் பிடிப்பது

தமிழ்நாட்டில் இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர்கள் இருக்கிறார்கள். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழைக் கொண்டுவந்தது. துளிர் இல்லங்கள் என்று ஊர்களில் பிள்ளைகள் கூடி எதையாவது செய்து பார்த்தார்கள். 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காகப் பிள்ளைகள் தங்கள் ஊர்த் தண்ணீரையும் மண்ணையும் ஆராய்ந்து எழுதுகிறார்கள். வடக்கே ஹோஷங்காபாத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம் முப்பது வருஷம் ஓடி 2002இல் நிறுத்தப்பட்டது. சாமான்கள் எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் முக்கியமான ஒன்று உண்டு. அந்தச் சாமானை எந்த வீட்டுப் பிள்ளையும் தொடலாம்.

குலக்கல்வித் திட்டத்தில் பால்காரர் பிள்ளைக்குப் பால் பாடம். ஐஸ்கிரீம் வாளியைச் சுற்ற மாட்டு வீட்டுப் பிள்ளையும் வரும், மில் தொழிலாளி பிள்ளையும் வரும், கறவையையே பார்க்காத வாத்தியார் வீட்டுப் பிள்ளையும் வரும். மாட்டு வீட்டுப் பிள்ளை லாக்டோமீட்டர் தெரிந்ததால் அன்றைக்கு மட்டும் அண்ணாச்சி ஆகிவிடும். செய்த பொருளை விற்க வேண்டியதில்லை, அங்கேயே நக்கித் தீர்த்துவிடலாம். முதலாளி கிடையாது, குரோஸ் கணக்கு கிடையாது. கை ஓய்ந்த பிறகு ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கிறது, மீதி ஐஸ் எங்கே போச்சு என்று யோசிக்க.

அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துவிட்டால் ஐஸ்கிரீம் பாடமும் வெறும் வேலைதான், கூலி கொஞ்சம் இனிப்பாக இருக்கும், அவ்வளவே. நேரமில்லை என்று பள்ளிகள் முதலில் வெட்டுவது அதைத்தான். புகைப்படத்துக்கு வாளி போதுமே.

ஊர்ப் பக்கம் யாராவது இதைச் செய்ய நினைத்தால் செலவு பெரிசில்லை. அரை லிட்டர் பால், மூன்று கிலோ ஐஸ், ஒரு கிலோ கல்லுப்பு. உப்புத்தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், கருகிப்போகும். ஏன் கருகும் என்று யாராவது கேட்டால் அடுத்த வாரப் பாடமும் தயார்.